நம்ம ஆள் வரும் இடம்

என் வகுப்பில் அத்தனை பேரும் ‘ஏழாம் மடை’ நாவலில் நூற்றுக்கு நூறு வாங்கினார்கள். ஒரு பிள்ளை வாங்கினால் கெட்டிக்காரப் பிள்ளை என்று சொல்லலாம். வகுப்பே வாங்கினால் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். எனக்கு அது உறைக்கவில்லை. எல்லாம் என் திறமை என்று நினைத்து உச்சி குளிர்ந்துபோய்த் திரிந்தேன்.

பதினொன்றாம் வகுப்புத் தமிழுக்கு அந்த நாவல்தான் துணைப்பாடம். பஞ்ச காலத்துக் கதை. ஒரு குளம், ஏழு மடை; மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு என்று மூன்று தெரு. ஏழாம் மடையைத் திறந்தால்தான் கீழத்தெருக்காரர்களுக்குக் குடிக்கத் தண்ணீர். மேலத்தெருப் பெரிய வீடு அதை அடைத்துவிடுகிறது. கீழத்தெருப் பேச்சி அதைத் திறக்கக் கிளம்புகிறாள். அன்று இரவு நடப்பதுதான் பதினெட்டாம் அத்தியாயம். நாவலில் ஊர் கற்பனைதான். ஆனால் எந்தத் தெரு எந்தச் சனம் என்று படிக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

என் அம்மா காலத்தில் இந்தப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தில் வைக்கலாமா கூடாதா என்று பெரிய ரகளையே நடந்திருக்கிறது. எங்களைக் கேவலப்படுத்துகிறது, எடு என்று ஒரு கூட்டம். நடந்ததைத்தானே எழுதியிருக்கிறது, வை என்று இன்னொரு கூட்டம். அந்த இரண்டாவது கூட்டத்திலேயே பாதிப் பேர், எங்கள் பிள்ளைகள் வகுப்பில் கூனிக்குறுகிப் போகிறார்கள், தயவுசெய்து எடுங்கள் என்றார்கள். பேருந்து எரிந்தது, புத்தகம் எரிந்தது, வழக்கு நடந்தது. அச்சடிக்கிறவர் அச்சடிப்பதை விட்டார். அப்புறம் ‘இதம்’ வந்தது. எல்லாச் சண்டையும் ஒரே வருடத்தில் அடங்கிவிட்டது.

இதம் என்பது பிள்ளைகள் பாடம் படிக்கும் கைக்கணினியான டேப்புக்குள் இருக்கும் மென்பொருள். நாவலில் காயப்படுத்தும் கடுஞ்சொல் ஏதாவது இருந்தால் அதைக் கொஞ்சம் தணித்துக் கொடுக்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பாடத்தைக் காதுக்குள் அதுவே விளக்கும், அதுவே கேள்வி கேட்கும், அதுவே திருத்தும். நான் வகுப்பில் நடந்துகொண்டிருப்பேன். தூங்குகிறவனை எழுப்பிவிடுவேன். தமிழாசிரியை என்று பெயர், பார்ப்பது காவல் வேலை.

நானும் என் பதினொன்றாம் வகுப்பில் அதே நாவலை இதம் வழியாகத்தான் படித்தேன். அதில் ஒரு வாத்தியார் வருவார். பேச்சியை அடிக்கும்போது அரிக்கேன் விளக்கோடு ஓடிவந்து குறுக்கே விழுந்து தடுப்பார். அவர் தோளிலும் ஓர் அடி விழும், ஆனாலும் பேச்சியைக் காப்பாற்ற முடியாது. என் அப்பா வாத்தியார், அவருடைய அப்பாவும் வாத்தியார். அந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்குத்தான் நானும் டீச்சர் ஆவதென்று முடிவெடுத்தேன். ஒவ்வோர் ஆசிரியர் தினத்திலும் அந்த அரிக்கேன் விளக்கைப் பற்றிப் பேசாமல் நான் மேடையை விட்டு இறங்கியதில்லை.

கதை தொடங்கியது ழகரத்தால். மாவட்டப் பேச்சுப் போட்டியில் எங்கள் பிள்ளைகள் மழையை மளை என்றும் வாழ்க்கையை வாள்க்கை என்றும் சொல்லிக் கடைசி இடம் வாங்கி வந்தார்கள். எனக்குக் கோபமான கோபம். காதில் இருப்பதைக் கழற்றுங்கள், எழுந்து நின்று ஆளுக்கொரு பத்தி சத்தமாக வாசியுங்கள் என்றேன். அந்தக் காலத்தில் எல்லா வகுப்பிலும் நடந்ததுதான். இப்போது யாரும் செய்வதில்லை.

முதலில் வெயிலுமுத்து எழுந்தான். அவன் அப்பா ட்ரோன் வைத்து வயலுக்கு மருந்தடிக்கும் காண்டிராக்டர். பையனுக்குக் கணீரென்ற குரல். “இருட்டில் பேச்சி மடைக்கல்லின் மேல் ஏறினாள். பாசி பிடித்த கல் அது. கால் வழுக்கியது. பொழுது விடிந்தபோது அவள் உடல் தண்ணீரில் மிதந்தது” என்று வாசித்து முடித்தான். நான் அவனுடைய ழகரத்தை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பத்திக்கு இசக்கிமதியை எழுப்பினேன்.

“மறுநாள் காலையில் பேச்சி முதல் பேருந்தில் ஏறி மதுரைக்குப் புறப்பட்டாள். முன் இருக்கையில் உட்கார்ந்து முறுக்கு தின்றாள்” என்று அவள் வாசித்தாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. செத்தவள் முறுக்கு தின்கிறாள் என்று பின் பெஞ்சில் ஒருவன் சொன்னான். பக்கத்தை மாற்றி வாசிக்கிறாயா என்று அவள் டேப்பை வாங்கிப் பார்த்தேன். அதே அத்தியாயம், அதே பக்கம். மளிகைக்கடைக்காரர் மகள் ஜெபசீலி, தன்னுடையதில் கடைக்காரர் கதவைத் திறந்து பேச்சியை உள்ளே ஒளித்து வைக்கிறாரே என்றாள். என் டேப்பில் பேச்சியைப் பெரிய வீடு ஏவிவிட்ட நடுத்தெரு ஆட்கள் மண்வெட்டிக் கணையால், அந்த மரப்பிடியால், அடித்தே கொல்கிறார்கள். நான் என்னுடையதை மூடி மேசைக்குள் வைத்துவிட்டேன்.

நேரே கணினி ஆசிரியர் பீர் மைதீனிடம் போனேன். பள்ளிக்கூட டேப்புகளுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இதம் சொல்லை மட்டும் மாத்துனது முதல் வருசத்தோட போச்சு டீச்சர். சொல்லை மாத்தினாலும் சிலருக்கு வலிச்சுது. அதனால சம்பவத்தை மாத்துது. பிள்ளை எந்தச் சனம், அப்பா அம்மா என்ன தொழில், எல்லாம் அட்மிஷன்லயே ஏறியிருக்குல்லா. அந்தப் பிள்ளைக்கு எந்த இடத்துல சுருக்குன்னு இருக்குமோ, அந்த இடத்துல மட்டும் கதை வேற பாதையில போகும். மத்த இடமெல்லாம் ஆசிரியர் எழுதுனது எழுதுனபடி இருக்கும்.”

மாற்றாத மூலம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

“அச்சுப் பிரதி ஒண்ணும் மிஞ்சலை, சர்வருக்குள்ளதான் கிடக்கு. எடுக்க முடியாது. ஆபீஸ்ல கேட்டா, உங்க கையில இருக்குறதுதான் மூலம்னு சொல்லுவாவ. ஒவ்வொருத்தர்ட்டயும் அதையேதான் சொல்லுதாவ.”

வெயிலுமுத்துவின் சனம் அடித்தது, அதனால் அவனுக்குக் கால் வழுக்கிவிட்டது. இசக்கிமதியின் சனம் அடி வாங்கியது, அதனால் அவளுக்குச் சாவே இல்லை. அடித்தவனுக்குக் கூச்சமும் கிடையாது, அடிபட்டவளுக்கு வலியும் கிடையாது. நடந்தது மட்டும் இரண்டு பேருக்கும் இல்லாமல் போய்விட்டது.

மைதீன் இன்னொன்றும் சொன்னார். இதம் வந்து இருபது வருடம் ஆகிறது, ஒரு புகார்கூட இல்லை. அதைக் கொண்டாட மாநில விழா வரப்போகிறது. எல்லோரும் நூறு வாங்கியதால் எங்கள் பள்ளியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். விழா மேடையிலேயே, அடுத்த வருடத்திலிருந்து வரலாற்றுப் பாடமும் இதம் வழியாகத்தான் என்று அறிவிக்கப்போகிறார்கள். நீங்கள் வாயைத் திறந்தால் வேலை போகும் என்றார். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார்.

மறுநாள் வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்து வைத்துக்கொண்டு அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது? பிள்ளைகள் ஆளுக்கு ஆள் டேப்பை மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். இசக்கிமதி அதிகம் பேசுகிற பெண் இல்லை. அன்றைக்குத் தானாக எழுந்தாள்.

“எனக்கும் பேச்சி சாகணும் டீச்சர்” என்றாள். “எங்களுக்கு வலிக்கும்னு எங்களுக்கு நடந்ததையே எடுத்துட்டாவ. வலிச்சா நான் அழுதுக்கிடுதேன். அவ பஸ் ஏறிப் போய்ட்டான்னா, அவ என்னத்துக்கு ராத்திரி மடைக்குப் போனா? ஊர் சுத்தவா?”

யாரும் சிரிக்கவில்லை. மூலத்தை எடுக்க வழியில்லை என்று நான் மைதீன் சொன்னதைச் சொன்னேன். அவள் ஜெபசீலியின் டேப்பைத் தன் டேப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“எனக்கு மாத்துன இடம் ஜெபசீலிக்கு மாத்தலைல்லா? ஜெபசீலிக்கு மாத்துனது வெயிலுமுத்துக்கு மாத்தலை. அப்போ அவங்கவங்க ஆள் வாற இடத்துல அவங்கவங்க வாயை மூடிக்கிடணும். மத்தவங்க வாசிக்கணும். முழுக் கதையும் வந்துரும்லா?”

மென்பொருளை எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருப்பார்கள். டேப்பிலிருந்து படியெடுக்க முடியாது, படம் பிடிக்க முடியாது. ஒரு வகுப்பு சேர்ந்து உட்கார்ந்து ஆளுக்கொரு பத்தி சத்தமாக வாசிக்கும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவே இல்லை. படிப்பது என்றால் ஒருவர் தனியே மௌனமாகச் செய்யும் காரியம் என்று நினைத்திருக்கிறார்கள். மைதீனிடம் ஓடிப்போய், நாங்கள் வாசிக்க ஆரம்பித்தால் டேப் உஷாராகி மறுபடி மாற்றிவிடாதா என்று கேட்டேன். ஒருவருக்கு ஒருமுறை மாற்றியதை மறுபடி மாற்றாது, மாற்றினால் பரீட்சையை எதை வைத்துத் திருத்தும் என்று அவர் சிரித்தார். அன்றிலிருந்து அவரும் எங்கள் கட்சி.

மதிய இடைவேளைகளில் வாசித்தோம். முதல் பதினேழு அத்தியாயங்கள் வேகமாக ஓடின. பெரும்பாலோரின் டேப்பில் ஒரே மாதிரி இருந்தால் அது மூலம். ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் வேறாக இருந்தால், அது அவர்களுடைய ஆள் வரும் இடம். அவர்கள் சட்டென்று நிறுத்திக்கொள்வார்கள், பக்கத்து ஆள் தொடர்வான். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. எங்கே யார் நிறுத்தப்போகிறார்கள் என்று காத்திருப்பார்கள். மேலத்தெரு, கீழத்தெரு, கடைக்காரர், பூசாரி, ஆசாரி, எல்லோருக்கும் ஏதாவது ஓர் இடத்தில் வாயை மூட வேண்டி வந்தது. மூடாமல் தப்பித்த பிள்ளை ஒன்றுகூட இல்லை.

பதினெட்டாம் அத்தியாயத்தில் விளையாட்டு முடிந்தது. ஜெபசீலி நிறுத்திய இடத்தில் இன்னொரு பெண் தொடர்ந்தாள். கடைக்காரர் வாசலில் பேச்சி கதவைத் தட்டுகிறாள், உள்ளே விளக்கு அணைகிறது. ஜெபசீலி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து வெயிலுமுத்து நிறுத்தினான். இசக்கிமதியும் வாசிக்க முடியாது, அவள் டேப்பில் சாவு இல்லை. ஆசாரி வீட்டுப் பையன் வாசித்தான். நான்கு பேர். மண்வெட்டிக் கணை. பேச்சி கடைசியாக என்ன சொன்னாள் என்பது வரை அதில் இருந்தது. இசக்கிமதி அழுதாள், கண்ணைத் துடைக்கவில்லை. வெயிலுமுத்து பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இரண்டு நாள் அவன் வரவில்லை. ஒரு பிள்ளையின் நிம்மதியைக் கெடுத்துவிட்டோமே, இதம் செய்ததுதான் சரியோ என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் வந்தான். எல்லோரும் கேட்கும்படிதான் பேசினான்.

“எங்க அப்பாட்ட கேட்டேன் டீச்சர். இப்படி ஒரு ஊர்ல நம்ம ஆளுக அடிச்சாங்கன்னு கதையில இருக்கே, நெசமாவே அப்படியெல்லாம் நடந்துச்சான்னு கேட்டேன். ‘உனக்கு யாருல சொன்னா’ன்னு கேட்டாவ. ‘பொய்’னு சொல்லலை.”

பிறகு இசக்கிமதியின் பக்கம் திரும்பி, அடுத்த முறை அந்த இடத்தை நானே வாசிக்கிறேன், யாராவது சொல்லிக் கொடுங்கள், நான் மனப்பாடம் பண்ணிக்கொள்கிறேன் என்றான். தன் ஆள் வரும் இடத்தில் வாயை மூட வேண்டும் என்பது விதி. விதியைத் தானாக மீறிய முதல் ஆள் அவன். இசக்கிமதி சரி என்று தலையாட்டினாள்.

விஷயம் வெளியே கசிந்தது. முதலில் வந்தவர் இசக்கிமதியின் அம்மா சண்முகக்கனி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெயிலுமுத்துவின் ஆட்கள் வந்து சண்டை போடுவார்கள் என்று நான் தயாராக இருந்தேன். இவரை எதிர்பார்க்கவில்லை.

“எங்க அம்மா இந்தப் பாடத்தை இதம் வாறதுக்கு முன்னால படிச்சவங்க டீச்சர்” என்றார். “அந்த அத்தியாயம் வந்தா வகுப்பே திரும்பி அவங்களைப் பாக்குமாம். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் எங்க அம்மா பன்னெண்டாப்பு போகலை. என் மகளை அப்படி யாரும் பாக்கக் கூடாது. அவ முறுக்கு தின்னுட்டே மதுரைக்குப் போகட்டும்.”

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. புத்தகத்தைப் பாடமாக வைக்க வேண்டும் என்று சண்டை போட்டவர்கள் அதை எப்படி நடத்துவது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. பதில் சொன்னது, வகுப்பு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இசக்கிமதி.

“இங்க யாரும் என்னைத் திரும்பிப் பாக்கதில்லைம்மா. எல்லாருக்கும் அவங்கவங்க ஆள் வாறாங்க. எல்லாரும் அவங்கவங்க இடத்துல தலையைக் குனிஞ்சுட்டுதான் இருக்காங்க. நான் ஒருத்திதான் அன்னைக்கு நிமிர்ந்து உக்காந்திருந்தேன்.”

சண்முகக்கனி மகளின் சடையைச் சரிசெய்துவிட்டார். டூட்டிக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

விழாவில் வாசிக்கப்போகிறோம் என்று முடிவு செய்தோம். தலைமையாசிரியரிடம் வாசிப்பு நிகழ்ச்சி என்று மட்டும் சொன்னேன், அவரும் சந்தோஷமாகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். ஒத்திகை மும்முரமாக நடந்தது. பதினெட்டாம் அத்தியாயத்தின் கடைசிப் பகுதிக்கு வந்தபோது மட்டும் பிள்ளைகள் என்னை வெளியே அனுப்பினார்கள். அதை நாங்களே பாத்துக்கிடுதோம், நீங்க போய் டீ குடிங்க என்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிள்ளைகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தேன்.

விழா அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. இடம் கிடைக்காதவர்கள் வெளியே நின்றார்கள். அதில் வெயிலுமுத்துவின் அப்பாவும் அவருடைய ஆட்களும் ஒரு பக்கம், சண்முகக்கனியின் தெருக்காரர்கள் இன்னொரு பக்கம். பிள்ளைகள் எதையோ வாசிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள்தான். வெளியே கூட்டம் சேரச் சேரத் தலைமையாசிரியருக்கு வேர்த்துக் கொட்டியது. உள்ளே நடப்பது வெளியே கேட்கக் கூடாது என்று மண்டபத்துச் சன்னல்களையெல்லாம் சாத்தச் சொன்னார்.

தலைமை விருந்தினர் பள்ளிக் கல்வித்துறை இணை இயக்குநர் சிவசைலம். ஓய்வு பெற ஒரு வருடம்தான் இருக்கும், நல்ல மனிதர் என்று பெயர். வேலைக்கு வந்த பிறகு ஏழாம் மடையைத் தானும் இதம் வழியாகப் படித்ததாகப் பேசினார். தன் அப்பா தாசில்தார் என்றும், நாவலில் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் வரும் தாசில்தார், குற்றவாளிகளை விடாமல் துரத்திப் பிடிப்பதைப் படித்துப் படித்துத்தான் தனக்கு நிர்வாகத்தின் மேல் மதிப்பு கூடியது என்றும் சொன்னார். முன்வரிசையில் இருந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறம் எங்கள் வகுப்பு மேடை ஏறியது. எல்லோர் கையிலும் அவரவர் டேப். பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். ஒருவர் நிறுத்த இன்னொருவர் எடுக்க, கதை தடங்கலில்லாமல் நடந்தது. கடைக்காரர் வீட்டு விளக்கு அணைந்தது. கூட்டத்தில் சலசலப்பு. இது என் டேப்பில் இல்லையே என்று பல பேர் சொல்வது கேட்டது. வெயிலுமுத்து முன்னால் வந்தான். டேப்பைக் கீழே வைத்துவிட்டு, நான்கு பேரையும் மண்வெட்டிக் கணையையும் மனப்பாடமாகச் சொன்னான். குரல் ஓரிடத்தில்கூட உடையவில்லை. இசக்கிமதி அவனுக்குப் பக்கத்தில் நின்றாள். பேச்சியின் கடைசி வார்த்தையை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்து நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

ஆசாரி வீட்டுப் பையனின் டேப்பை வாங்கி அடுத்த பத்தியை எடுத்தவள் இசக்கிமதி. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு வகுப்பே என்னைப் பார்த்தது. எல்லோர் கண்ணிலும் ஒரு பரிதாபம். ஜெபசீலி மெல்ல, அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போவோமா என்று அவளிடம் கேட்டது மைக்கில் விழுந்தது.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் வாத்தியார் வரும் இடம் வந்ததும் டீ குடிக்க அனுப்பியிருக்கிறார்கள். என் பிள்ளைகள் எனக்கு இதம் செய்திருக்கிறார்கள். வகுப்பில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை ஒன்றும் கிடையாது, அடி இருக்கிற டேப் எல்லாவற்றிலும் அந்த இடம் ஒரே மாதிரி இருக்கிறது. என்னுடையதில்தான் மாறியிருக்கிறது. தன் ஆள் வந்த இடத்தில் ஒருமுறைகூட வாயை மூடாதவள் இந்த வகுப்பில் நான் ஒருத்திதான். மூடாதது மட்டுமா, வருடா வருடம் மேடையில் ஏறிப் பேசியிருக்கிறேன்.

அந்த ஒரு நிமிடம் எனக்கு அது தெரிய வேண்டாம் என்றுதான் இருந்தது. அதை ஒளிக்காமல் சொல்கிறேன். விளக்கோடு ஓடிவந்தவர் எனக்கு வெறும் கதாபாத்திரம் இல்லை. அவரை எடுத்துவிட்டால் நான் ஏன் டீச்சரானேன் என்பதற்கே காரணம் இல்லாமல் போகும். இதைத்தானே இசக்கிமதியிடமும் வெயிலுமுத்துவிடமும் தாங்கிக்கொள்ளச் சொன்னேன்? அவர்கள் பதினாறு வயதில் தாங்கினார்கள். நான் மேடை ஏறி அவள் கையிலிருந்த டேப்பை வாங்கிக்கொண்டேன். சத்தமாக வாசித்தேன்.

“வாத்தியார் வீடு குளத்துக் கரையில் இருந்தது. சத்தம் கேட்டு அவர் எழுந்தார். அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு சன்னலுக்கு வந்தார். நான்கு பேரையும் பார்த்தார். அவர்களில் மூன்று பேர் அவரிடம் படித்தவர்கள். வெளிச்சம் தன் முகத்தில் விழுவதைக் கண்டு திரியை இறக்கினார். சன்னலைச் சாத்தினார். மறுநாள் காலை முதல் பாடமாக ஆத்திசூடி நடத்தினார்.”

விளக்கு அப்படியே இருக்கிறது. அதே அரிக்கேன். அதை வைத்துக்கொண்டு அவர் செய்தது இது. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. சாத்திய சன்னல்களுக்கு அந்தப் பக்கம், உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே நிற்கிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மேடையிலிருந்து இறங்கி, தலைமையாசிரியரைத் தாண்டிப் போய், ஒவ்வொரு சன்னலாகத் திறந்துவிட்டேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

மைக் சத்தம் வெளியே போகும்படி மைதீன் ஒலிபெருக்கியை மாற்றி வைத்தார். பிள்ளைகள் அத்தியாயத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்தார்கள். வெளியே வாய்ச்சண்டை கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. வெயிலுமுத்து தன் இடத்தைச் சொன்னபோது அவன் அப்பா தலைத்துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். அவருடைய ஆட்களில் ஒருவர் கல்லெடுக்கக் குனிந்ததாகச் சொல்வார்கள். வெயிலுமுத்துவின் அப்பாதான் அந்தக் கையைப் பிடித்தாராம். சண்முகக்கனி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தன் மகளை மட்டும் பார்த்தார். இசக்கிமதி நிமிர்ந்து நின்று வாசித்தாள். முடிந்ததும் முதலில் கைதட்டியது சண்முகக்கனிதான். பிறகு யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

தலைமையாசிரியர் சிவசைலத்திடம் மன்னிப்புக் கேட்க ஓடினார். இந்த அம்மாவை இன்றைக்கே இடைநீக்கம் செய்கிறேன் என்று அவர் சொல்வது எனக்கே கேட்டது. வரலாற்றுப் பாட அறிவிப்பு எழுதிய தாள் சிவசைலத்தின் கையில் இருந்தது. அதைப் பிரிக்காமல் இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மெதுவாக எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்தார். சத்தம் அடங்கக் காத்திருந்தார்.

“தாசில்தார் என்ன செஞ்சாரு?” என்று கேட்டார். இத்தனை நேரம் மைக்கில் பேசிய குரல் இல்லை அது.

பிள்ளைகள் இசக்கிமதியைப் பார்த்தார்கள். அவர் தன் டேப்பை எடுத்துப் பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திறந்தார். தானே வாசித்துக் காட்டப்போவது போல் கண்ணாடியைச் சரிசெய்தார். இசக்கிமதி மேடையின் விளிம்புக்கு வந்து குனிந்து, அவர் கையிலிருந்து அதை மரியாதையாக வாங்கிக்கொண்டாள்.

“இது உங்க ஆள் வாற இடம் சார்” என்றாள். “நீங்க உக்காந்து கேளுங்க. நாங்க வாசிக்கோம்.”

அவர் உட்கார்ந்தார். நானும் அவர் பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வெயிலுமுத்து தொண்டையைச் செருமினான். பத்தொன்பதாம் அத்தியாயம் ஆரம்பமாயிற்று.